பதினான்கு பேருக்கும் ஒரே எடை

அத்தியாயம் 5

“பதினாலு வைரஸ்!” என்று ஆசிரியர் அறையின் நடுவில் நின்று முழங்கினான் கம்ப்யூட்டர் வியாபாரி அர்யோ. “விண்டோஸ், சைபர். மேக், சைபர். இபு கினாசி தலையில தூக்கி வெச்சு ஆடின பெங்குவின், பதினாலு! எண்ணிப் பாத்துக்குங்க. கை விரல் பத்தாது, கால் விரலையும் சேத்துக்குங்க.”

துமினிக்கு அவனைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று எல்லாரும் பாத்திக் சட்டையில் வந்திருக்க, இவன் மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். போதாக்குறைக்கு, மேஜையில் இருந்த வறுத்த சோயாத் தெம்பேயில் கடைசித் துண்டையும் இவன்தான் எடுத்திருந்தான். துமினி அதை மன்னிக்கிற ஜாதி இல்லை.

மணி ஒன்பதரை. பதினொன்றுக்கு முடிவு சொல்லியாக வேண்டும். அதற்குமேல் ஆண்களெல்லாம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆக, துப்பறியும் பாக் விக்னியோவுக்கும் அவருடைய உதவியாளர் துமினிக்கும் முழுசாக ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்தோனேசியாவின் ஜோக்ஜா பக்கம் ஐயாவுக்கு ‘பாக்’, அம்மாவுக்கு ‘இபு’, அண்ணனுக்கு ‘மாஸ்’ என்பதுதான் மரியாதை.

விவகாரம் இதுதான். ஜோக்ஜாவை ஒட்டிய அந்தத் தொழிற்பள்ளிக்கு நாற்பது புதுக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. எதைப் போடுவது என்று மூன்று மாதம் சண்டை. கடைசியில் தலைமையாசிரியர் சுதர்மாஜி ஒரு போட்டி வைத்தார். ஒரே மேஜையில் மூன்று மெஷின். ஒன்றில் விண்டோஸ், ஒன்று பழைய மாணவர் அன்பளிப்பாகக் கொடுத்த மேக், மூன்றாவதில் பெங்குவின் படம் போட்ட லினக்ஸ். ஏழு நாளைக்கு ஆசிரியர்கள் எல்லாரும் தங்கள் பென் டிரைவை மூன்றிலும் போட்டு வேலை செய்ய வேண்டும். எதில் வைரஸ் குறைவோ அது ஜெயித்தது.

“எம்மெஷின்ல வைரஸ் வந்துச்சுன்னா நான் வேலைய விட்டே போயிடறேன்” என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள் கம்ப்யூட்டர் ஆசிரியை கினாசி. பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் தலைமையாசிரியரின் மேஜை இழுப்பறையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. இப்போது பதினான்கு வைரஸும் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தன. அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

“கண்டுபிடிச்சே ஆகணும் பாக்!” தலைமையாசிரியர் சுதர்மாஜி மீசை துடிக்கச் சொன்னார். “இந்தப் பதினாலையும் எம்பள்ளிக்குள்ள கொண்டுவந்த ஆள் யாரு? யாரா இருந்தாலும் சரி, திங்கட்கிழமை கொடியேற்றத்துல எல்லாப் பசங்க முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேக்கணும். யாரா இருந்தாலும்!”

அறையில் இருந்த பன்னிரண்டு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் தங்கள் டீ கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். விக்னியோ அதைப் பார்த்தார். அவர் பார்த்ததைத் துமினி பார்த்தாள்.

“டீயில எறும்பு போல” என்றாள் அவர் காதில்.

“பன்னெண்டு கிளாஸ்லயுமா?” என்றார் அவர்.

வராந்தாவுக்கு வந்ததும் தலைமையாசிரியரின் குரல் தேனாகிவிட்டது. அங்கே வெல்வெட் திரை போட்ட கூண்டில் ஒரு பெர்குத்துத் புறா உட்கார்ந்திருந்தது.

“இவர் ராதேன் ஜெலித்தெங்” என்று அறிமுகம் செய்துவைத்தார். “மாவட்டக் கூவல் போட்டியில ரெண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கினது நடுவரோட மச்சான் புறா. அத விடுங்க.”

“வணக்கம் ராதேன்” என்றாள் துமினி. ராதேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இவர் குஞ்சுல கூவினது, பரிசு வாங்கின படம், எல்லாத்தையும் சேத்து வெச்சிருந்தேன். ரெண்டு மாசம் முன்னாடி எம்பொண்டாட்டி அத்தனையும் அழிச்சுட்டா. புறாவக் கண்டா அவளுக்கு ஆகாது. இல்லவே இல்ல, நான் தொடலன்னு சாதிக்கிறா. அன்னிலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. சாப்பாட்டத் தட்டுல மூடி வெச்சுட்டுப் போயிடுவா.” அவர் கூண்டின் திரையை நேராக இழுத்துவிட்டார். “ரெண்டு மாசமா ஆறின சோறு, பாக்.”

அவர் உள்ளே போனதும் துமினி கிசுகிசுத்தாள். “கேஸ் எடுத்துட்டீங்க. கம்ப்யூட்டருக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னாவது தெரியுமா?”

“அதுக்குத்தானே உன்ன வெச்சிருக்கேன்” என்றார் விக்னியோ. முப்பத்தோரு வருஷம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவர். தபால்தலைக்கு அப்பால் உள்ள உலகம் எதையும் நம்பாதவர். துமினி ஒன்பது வருஷம் நெட் சென்டர் நடத்தியவள். எச்சில் தொட்டுத் தபால்தலை ஒட்டுகிறவரோடு போய்ச் சேர்ந்தாயே என்று அவள் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் மேக். மேலே கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணி போர்த்தியிருந்தது. கீபோர்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. விக்னியோ விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் சாம்பல் நிறமானது.

“இதுலதான் ஏழு நாள் வேலை பாத்தாங்களா?”

பியூன் வாகிமின் தலையைச் சொறிந்தான். “ரொம்ப அழகா இருக்குது பாக். கை வைக்கவே கூச்சமா போச்சு. யாராவது முதல்ல தொடட்டும்னு எல்லாரும் காத்துட்டிருந்தோம்.”

“ஏழு நாளாவா?”

“ஏழு நாளா.”

“அடேங்கப்பா!” என்றாள் துமினி. “பொண்ணு பாக்க வந்து பொண்ணு மூஞ்சியப் பாக்காமலே போன கூட்டத்த இப்பத்தான் பாக்கறேன். மேக்குல வைரஸ் சைபர். மனுஷனும் சைபர்!”

அடுத்து விண்டோஸ். அதன் தலையில் ஈர்க்குச்சியில் குத்திய மூன்று சிவப்பு மிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் நட்டு வைத்திருந்தது.

“இது மழை வராம இருக்க நடறது இல்ல?” என்றார் விக்னியோ.

“மழைக்கு நல்லா வேலை செய்யுது பாக். வைரஸுக்கும் செய்யும்னு நெனச்சு நாந்தான் குத்தினேன்” என்றான் வாகிமின் பெருமையாக. “செஞ்சிருக்கு பாருங்க. சைபர்!”

துமினி குனிந்து திரையின் மூலையைப் பார்த்தாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், அர்யோ விற்ற ஆன்டிவைரஸின் சின்னம், ஒரு குட்டிக் குடை. விரிந்திருக்க வேண்டிய குடை மடங்கிக் கிடந்தது. கிளிக் செய்தாள். அசையவில்லை. மறுபடி கிளிக் செய்தாள். ம்ஹூம்.

“பாக், காவக்காரனக் கட்டிப் போட்டிருக்காங்க. அவன்கிட்டப் போய் ‘திருடன் வந்தானா’ன்னு கேட்டு, அவன் பதில் சொல்லலன்னதும் ‘வரல’ன்னு எழுதிக்கிட்டான் இந்தக் கோட்டுக்காரன்.”

“யாரு கட்டினது?”

“வேற யாரு? உள்ள வந்தவன்தான். இந்த மாதிரி வைரஸ் முதல்ல காவக்காரன் வாயத்தான் பொத்தும்.”

கடைசியில் பெங்குவின். திரையில் வரிசையாகப் பதினான்கு கோப்புகள். எல்லாவற்றுக்கும் பெயரின் கடைசியில் ஒட்டும் வால் ஒன்றுதான், எக்ஸி (.exe). கினாசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

விக்னியோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதெல்லாம் எடை எவ்வளவு?”

“எடையா?” கினாசி விழித்தாள்.

“கவர்னா எடை இருக்கணுமே. இதுக்கு இல்லையா?”

“அளவக் கேக்கறார்” என்றாள் துமினி. கினாசி ஒரு பொத்தானைத் தட்ட, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அளவு வந்து நின்றது. நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு. மேலிருந்து கீழ்வரை அதேதான்.

விக்னியோவின் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. “கவுன்டர்ல பதினாலு கவர் வருது. பதினாலும் வேற வேற பேர். தராசுல போட்டா எல்லாம் ஒரே எடை. என்ன அர்த்தம் துமினி?”

“ஒரே ஆளு, பதினாலு பேர்ல போட்ட மொட்டைக் கடுதாசி!”

“பதினாலு வைரஸ் இல்ல. ஒரே வைரஸ், பதினாலு முகமூடி” என்றார் அவர். கினாசி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள். “இபு, இதுக்கு இந்தப் பேரெல்லாம் யாரு வெக்கறா?”

“அதுவே வெச்சுக்கும் பாக். பென் டிரைவுக்குள்ள இருக்கற ஃபோல்டர ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேர்ல, அதே மஞ்சள் சட்டையில தான் உக்காந்துக்கும். நீங்க ஃபோல்டர்னு நெனச்சு அதத் திறந்தா, விண்டோஸுக்குள்ள பூந்துடும். ஆனா அதுக்கு விண்டோஸ் பாஷை மட்டுந்தான் தெரியும். பெங்குவின்கிட்ட அது என்ன சொன்னாலும் புரியாது. சும்மா உக்காந்திருக்கும், ஒளிய முடியாம, சட்டைகூட இல்லாம.”

“அப்ப இந்தப் பதினாலு பேரும்...”

“வந்த பென் டிரைவுல இருந்த ஃபோல்டரோட பேரு” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துமினி திரையில் இருந்த பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள். “கொடியேற்ற உரை. மாவட்ட அறிக்கை. மச்சினி கல்யாணம். பல்செட் ரசீது. ராதேன் ஜெலித்தெங், காலைக் கூவல்...”

வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். வராந்தாவில் ராதேன் ஒருமுறை கூவி அடங்கினார்.

“ஐயையோ” என்றாள் துமினி. “கேஸ் குடுத்தவரே...”

“ஷ்!” என்றார்கள் விக்னியோ, கினாசி, வாகிமின் மூவரும் ஒன்றாக.

துமினி மெல்லத் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியும்!”

“ஆறு நாளாத் தெரியும்” என்றாள் கினாசி தரையைப் பார்த்து.

“நாந்தான் போட்டேன்” என்றான் வாகிமின். “‘எம்பங்கையும் நீயே போட்டுடு’ன்னு பென் டிரைவக் குடுத்தார். பெங்குவின்ல அப்படியே மொத்தமா அள்ளிக் கொட்டினேன். விண்டோஸ்லயும் போட்டுத் திறந்தேன். எல்லாருக்கும் தெரியும் அக்கா. அர்யோ மாஸுக்கு மட்டுந்தான் தெரியாது. அவருக்குப் புறா பேரு தெரியாதே. பெரியவரும் ஸ்கிரீன் பக்கம் வரவே இல்ல.”

“பன்னெண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லல?” துமினி தலையில் கை வைத்துக்கொண்டாள். “உங்க வேலை போகப்போகுது இபு! பதினோரு வருஷம்!”

“எப்படிச் சொல்றது? அவர் முகத்தப் பாத்து, ‘பாக், உங்க பென் டிரைவுல வைரஸ்’னா? சுங்கானா இருக்கு, பெரியவங்க முன்னாடி வாயே வரல” என்றாள் கினாசி. “எவ்வளவு பெரிய மனுஷர். நான் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப முன்னாடி நின்னு நடத்தினவர்.”

“அதுக்காகப் பொட்டி கட்டிக்கிட்டு ஊருக்குப் போவீங்களா?”

“போயிடலாம்னுதான் இருந்தேன்” என்றாள் கினாசி. கண் மறுபடியும் நிறைந்துவிட்டது. துமினிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் கம்ப்யூட்டரைவிட மனுஷங்களைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

விக்னியோ கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. “நாமளும் சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும்.”

“எப்படி?”

“உம்பென் டிரைவக் குடு.”

“எதுக்கு?” துமினி கைப்பையை அணைத்துக்கொண்டாள். “அதுல எம்பாட்டெல்லாம் இருக்கு!”

பத்து ஐம்பதுக்கு அறை நிறைந்துவிட்டது. அர்யோ நாற்பது கம்ப்யூட்டருக்கான ஒப்பந்தத்தைக் கோட்டுப் பையில் தயாராக வைத்திருந்தான்.

“கடைசியா ஒரு பரிசோதனை” என்றார் விக்னியோ. “முதல்ல எங்க துமினி.”

துமினி தன் பென் டிரைவைப் பெங்குவினில் செருகினாள். ஒரே ஒரு ஃபோல்டர்: ‘குளிக்கும்போது பாட’. ஆசிரியர்கள் சிரித்தார்கள். எடுத்து விண்டோஸில் போட்டாள். மிளகாயும் வெங்காயமும் பார்த்துக்கொண்டே இருந்தன. பத்து வினாடி. எடுத்து மறுபடியும் பெங்குவினில்.

இப்போது இரண்டு இருந்தன. ‘குளிக்கும்போது பாட’ ஒன்று. ‘குளிக்கும்போது பாட’, எக்ஸி வாலோடு இன்னொன்று.

“எடை?” என்றார் விக்னியோ.

“நாப்பத்திரெண்டு!” பன்னிரண்டு ஆசிரியர்களும் கோரஸாகக் கத்தினார்கள்.

“எம்பாட்டு! எம்பாட்டுக்கு ரெட்டைப் புள்ள பொறந்திடுச்சு!” என்று அலறினாள் துமினி. “அர்யோ மாஸ், உங்க சைபருக்குள்ளேருந்து இது எப்படி வந்துச்சு?”

அர்யோ திரையைப் பார்த்தான், மடங்கிய குடையைப் பார்த்தான், மிளகாயைப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான்.

“அப்ப விண்டோஸ் மட்டமா?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“அப்படி இல்ல பாக்” என்றாள் கினாசி. “ஊர்ல எல்லா வீட்லயும் அதே பூட்டு. திருடன் அதத் திறக்கத்தான் கத்துக்குவான். மேக் பூட்டுக்கும் பெங்குவின் பூட்டுக்கும் சாவி செய்யறவன் குறைச்சல், அவ்வளவுதான். வரவே வராதுன்னு நான் சொன்னது தலைக்கனம். எம்மெஷின் படுக்கல, ஆனா சுமந்துச்சு. பென் டிரைவச் சோதிக்கவே வேண்டாம்னு சொன்னவளும் நாந்தான்.”

“இன்னும் ஒரே ஒரு பென் டிரைவ் போதும்” என்று விக்னியோ குறுக்கே வந்தார். “மரியாதைக்குரிய ஒருத்தர் கையால நடக்கணும். இந்த அறையில உங்களவிட யாரு பாக்?”

சுதர்மாஜியின் நெஞ்சு நிமிர்ந்தது. சாவிக் கொத்தில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றி, தானே விண்டோஸில் செருகினார். மஞ்சள் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. புறாவின் பெயர்மேல் கிளிக் செய்தார். வேறு எதுவோ திறந்தது.

“இதோ! ரெண்டு மாசமா இதே கதைதான். எல்லாத்தையும் அழிச்சுட்டா!”

“இப்ப பெங்குவின்ல போடுங்க பாக்.”

போட்டார். ஒவ்வொரு பெயரும் இரண்டு இரண்டாக வந்து நின்றது. ஒன்று மஞ்சளாக, ஒன்று வாலோடு சாம்பலாக. அவர் விரல் தயங்கித் தயங்கி மஞ்சள் நிற ‘ராதேன் ஜெலித்தெங்’கைத் தொட்டது.

முந்நூற்றுச் சொச்சம் படங்கள் திரையில் கொட்டின. ஸ்பீக்கரில் ஒரு குஞ்சுப் புறா கரகரத்துக் கூவியது. வராந்தாவிலிருந்து பெரிய ராதேன் பதிலுக்குக் கூவினார்.

சுதர்மாஜி அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அவ அழிக்கலையா?” என்றார் மெல்ல. “சத்தியம் பண்ணினாளே.”

அவர் பார்வை தன் பென் டிரைவில் இருந்த சாம்பல் கோப்புகளை எண்ணியது. பதினான்கு. நிமிர்ந்து, ஏழு நாளாகப் பெங்குவின் திரையில் இருந்த பெயர்களைப் பார்த்தது. கொடியேற்ற உரை. மச்சினி கல்யாணம். பல்செட் ரசீது. அறை முழுவதும் டீ கிளாஸுக்குள் மூழ்கியது.

“பல்செட் ரசீதுமா?” என்றார். “எல்லாரும் பாத்தீங்களா?”

“பாக்கல பாக்” என்றது அறை, ஒரே குரலில்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய்க் கினாசி எழுந்தேவிட்டாள். மனுஷர் சிரித்தார். மேஜையைத் தட்டித் தட்டி, பல்செட் கழன்றுவிடும்போல் சிரித்தார். அறையும் சேர்ந்து வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

“நாந்தான். வெச்சுடாத, வெச்சுடாத! நீ அழிக்கல. தப்பு எம்மேல... ஆமா. ஆமா, கழுதைதான். எருமையும்தான்... மத்தியானம் வரேன். சோறு சூடா இருக்குமா?”

பதில் என்னவோ, அவர் முகம் இளமையானது. மேஜை இழுப்பறையைத் திறந்து, கினாசியின் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷக் காத்திருப்பு இரண்டு வினாடியில் முடிந்தது. பிறகு பென் டிரைவை நீட்டினார். “இபு, இதச் சுத்தம் பண்ணிக் குடுங்க. அதுக்கு முன்னாடி அந்த மேக்குல ராதேன் படத்தக் கொஞ்சம் போட்டுக்காட்டறேன். அழகான ஸ்கிரீன்.”

கினாசி கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“முடியாது பாக்” என்றாள் கினாசி.

பன்னிரண்டு டீ கிளாஸும் மேஜைக்கு இறங்கின.

“இனிமே சோதிக்காம எந்த பென் டிரைவும் இங்க எந்த மெஷின்லயும் போகக் கூடாது. யாரோடதா இருந்தாலும். உங்களோடதும்தான்.” சொல்லி முடிப்பதற்குள் காது நுனிவரை சிவந்துவிட்டாள். ஆனால் சொல்லி முடித்தாள்.

சுதர்மாஜி அவளையே பார்த்தார். பிறகு பென் டிரைவை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். “இத முன்னாடியே சொல்லிருந்தா நீங்களும் எம்பொண்டாட்டியும் அழுதிருக்க வேண்டாம். புதுசு நாப்பதும் பெங்குவினே வரட்டும்.”

“இபு,” துமினி குதித்தாள், “உங்க வாய்ப்பூட்டு இன்னிக்குத்தான் திறந்திருக்கு! நாப்பது பெங்குவினும் உங்களுக்குத்தான்!”

பள்ளிவாசலிலிருந்து அழைப்பு கேட்டது. ஆண்கள் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்கள். வாகிமின் விண்டோஸின் தலையிலிருந்து மிளகாய்க் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து நின்றான். வானிலை அறிக்கை கேட்டிருப்பான்போல.

“பாக்,” என்றான் மெதுவாக, “திங்கட்கிழமை காலைல மழைன்னு சொல்றாங்க. மழைன்னா கொடியேற்றம் கிடையாது. மன்னிப்பும் கிடையாது.” குச்சியைக் காட்டினான். “இதத் தூக்கிப் போட்டுடட்டுமா? இல்ல, மைதானத்துல நடட்டுமா?”

சுதர்மாஜி குச்சியைப் பார்த்தார். ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தார். கினாசியைப் பார்த்தார்.

“நடு” என்றார். “இன்னும் ரெண்டு மிளகாய் சேத்து, ஆழமா நடு.”